கீச்சென்று கேட்டால்தான் சுத்தம்

ஜூன் 3, திங்கள்

சோப்புக் கம்பெனிக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி ஐந்து மாதமாக லினன் அறையில் தலையணை உறைகளுக்கு அடியில் கிடந்தது. இன்று வெளியே எடுத்தேன். எழுதி வைக்க வேண்டிய காரியம் வந்துவிட்டது.

காலையில் முதலாளியம்மா என்னையும் மேனேஜர் தனுஷ்கோடி சாரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். உட்கார வைத்தாலே எனக்குத் தெரியும், நல்ல செய்தி இல்லை. செல்போனை எடுத்து விருந்தினர்கள் இணையத்தில் எழுதியதை ஒவ்வொன்றாகப் படித்தார். "ரெண்டு நாள் தங்கினோம், மூணு பேருக்கும் வயிறு கெட்டது." "அறை பளிச்சென்று இருக்கிறது, ஆனால் குழந்தைக்கு வாந்தி." மே மாதத்தில் மட்டும் இப்படி ஏழு. சமையலறைத் தண்ணீரை இரண்டு முறை பரிசோதித்தாகிவிட்டது, ஒன்றுமில்லை. அந்த ஏழு குடும்பத்தில் நாலு குடும்பம் எங்கள் ஹோட்டலில் சாப்பிடவே இல்லையாம்.

"தண்ணியில குத்தமில்ல, சாப்பாட்டுல குத்தமில்ல. அப்ப ரூம்லதான இருக்கணும், குளோரி?"

எனக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். மதுரையில் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற ஹோட்டல்களில் எங்கள் கட்டில் விரிப்பைப் பார்த்து மற்றவர்கள் விரிக்கக் கற்றுக்கொண்டார்கள். நான் சொன்னேன்: "என் கை படாம ஒரு ரூமோட சாவியும் கீழ போறதில்லம்மா."

"அப்ப எங்கேன்னு நீயே கண்டுபிடி" என்றார்.

அதோடு விடவில்லை. ஓர் அறையைச் சுத்தம் செய்ய எங்களுக்குச் சராசரியாக நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆகிறது, முப்பதாக வேண்டும். ஆறு பெண்களில் மெதுவாக வேலை செய்கிற ஒருத்தியை ஜூலை ஒன்றாம் தேதியிலிருந்து நிறுத்த வேண்டும். யார் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டையும் சரியாகச் செய்தால் திண்டுக்கல்லில் திறக்கப்போகும் கிளையின் ஹவுஸ்கீப்பிங்கும் என் பொறுப்பில் வரும்.

யார் மெதுவு என்று நேரம் எழுதுகிற பேரேட்டைப் புரட்டத் தேவையில்லை. மூன்றாவது மாடி ஒச்சம்மாள். ஓர் அறைக்கு ஐம்பது நிமிடம். கோயில் தேர்கூட அவளைவிடச் சீக்கிரம் நிலைக்கு வந்துவிடும்.

ஜூன் 4, செவ்வாய்

குற்றத்தைத் தேடுவதற்கு முன்னால் நான் எப்படிச் சோதிக்கிறேன் என்பதை எழுதி வைத்துவிடுகிறேன். நாளை யாரும் என்னைக் கேள்வி கேட்கக் கூடாது.

பெண்கள் முடித்ததும் நான் உள்ளே போவேன். முதலில் குளியலறை. அங்கே இடது கை மட்டும். கமோடு மூடியின் கீலுக்குப் பின்னால், ஃப்ளஷ் பட்டனுக்கு அடியில், வாஷ் பேசினின் உதட்டுக்குக் கீழே ஆள்காட்டி விரலை விட்டு இழுப்பேன். யாரும் கை வைக்காத இடங்கள் இவை. அழுக்கு அங்கேதான் ஒளிந்திருக்கும். பிறகு அறை. அங்கே வலது கை மட்டும். கதவின் மேல்விளிம்பு, சுவிட்சு, போன், ரிமோட். கழுவுகிற கை வேறு, சாப்பிடுகிற கை வேறு என்று நம் வீடுகளில் பிறந்த குழந்தைக்குக்கூடச் சொல்லித் தருகிறோம். அதைத் தொழிலுக்குக் கொண்டுவந்தவள் நான். குளியலறையில் குறைகளைக் குறிக்கிற அட்டையும் பேனாவும் வலது கையில் இருக்கும். அறைக்கு வந்ததும் இடது கைக்குப் போய்விடும். எழுதும்போது மட்டும் பேனா வலது கைக்கு வரும்.

கடைசியில் கண்ணாடி டம்ளர். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டுவேன். கீச்சென்று கேட்க வேண்டும். எண்ணெய்ப் பசையோ சோப்போ இருந்தால் கேட்காது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தேன். வராந்தாவில் நிற்கிற பெண்கள் அந்தக் கீச்சுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். கேட்டதும்தான் முகத்தில் உயிர் வரும்.

எல்லாரும் சானிடைசர் பாட்டிலைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அலைகிறார்கள். நான் போடுவதில்லை. விரல் ஈரமானால் தூசி எப்படித் தெரியும்?

மதியம் வயிறு கடமுடாவென்றது. கேன்டீன் சாம்பாரை நம்பவே கூடாது. இதோ, பேனா மூடியைக் கடித்துக் கடித்து நசுக்கிவிட்டேன். யோசிக்கும்போது எனக்கு இது ஒரு பழக்கம்.

ஜூன் 6, வியாழன்

பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒரு பெண் வந்து பஞ்சுக் குச்சியால் எட்டு அறைகளில் தடவி எடுத்துப் போனாள். மாடிக்கு இரண்டு. டம்ளர், ரிமோட், சுவிட்சு. முடிவு வர நாலு நாள் ஆகுமாம். எனக்கு நாலு மணி நேரமே தாங்காது.

ஜூன் 10, திங்கள்

முடிவு வந்தது. எட்டில் ஆறு அறை தோல்வி. கக்கூஸில் இருக்க வேண்டிய கிருமி டம்ளர் விளிம்பில் இருக்கிறதாம். ரிமோட்டிலும் இருக்கிறதாம். முதலாளியம்மா அந்தக் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். அவமானத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது.

ஆனால் ஒரு விஷயம் என்னை விடமாட்டேன் என்கிறது. சுத்தமாக இருந்த இரண்டு அறைகள் 304, 307. இரண்டும் ஒச்சம்மாள் அறைகள்.

ஐம்பது நிமிடம் தேய்த்தால் செங்கல்கூட வெளுக்கும் என்று தனுஷ்கோடி சாரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

சோப்புக் கம்பெனிக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவும் நீல டார்ச்சும் எடுத்தார். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கை கழுவக் கற்றுத் தருகிற பொடியாம். தடவினால் கண்ணுக்குத் தெரியாது. இருட்டில் அந்த டார்ச்சை அடித்தால் பச்சையாக மின்னும். யார் எதைத் தொட்டாலும் அது கூடவே போகும்.

எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது. திருடனைப் பிடிக்கிற போலீஸ்காரிக்கு மோப்ப நாய் கிடைத்த மாதிரி இருந்தது. நாளைக் காலை காலியாகும் அறைகளில், சுத்தம் செய்ய ஆள் போவதற்கு முன்னால், கமோடு மூடியின் கீலுக்குப் பின்னால் தடவி வைக்கப் போகிறேன். யாரிடமும் சொல்லப் போவதில்லை.

ஜூன் 12, புதன்

பன்னிரண்டு அறைகளில் வைத்தேன். பெண்கள் வேலையை முடித்தார்கள். வழக்கம்போல நான் விரல் வைத்துப் பார்த்தேன், டம்ளர் எல்லாம் கீச்சென்று பதில் சொன்னது, குறை இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் அறையாகப் போய்த் திரையை இழுத்துவிட்டு அடித்தேன்.

அப்பப்பா. கீலில் பச்சை இருந்தது, அது பெண்கள் துடைக்காமல் விட்டதால். ஆனால் ரிமோட்டிலும் பச்சை. சுவிட்சிலும் பச்சை. டம்ளர் விளிம்பில் வட்டமாகப் பச்சை, கோலத்துக்குக் காவிக் கரை கட்டினதைப்போல அழகாக. எனக்குக் குமட்டியது. அதே சமயம் கண்ணை எடுக்க முடியவில்லை. ஒரு விருந்தினர் அதில் வாயை வைத்துத் தண்ணீர் குடிப்பார்.

மூன்றாவது மாடியில் ஒச்சம்மாள் அறைகள் மூன்றிலும் கீலில் மட்டும் இருந்தது. டம்ளரில் இல்லை, ரிமோட்டில் இல்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. கக்கூஸைத் துடைத்த துணியாலேயே டம்ளரையும் துடைக்கிறார்கள். எல்லாரையும் லினன் அறையில் நிற்க வைத்து ஒரு பிடி பிடித்தேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். தண்ணி சரியில்ல, சோப்பு சரியில்லன்னு எங்கிட்ட வராதீங்க. உங்க வீட்டு டம்ளர இப்படித் துடைப்பீங்களா?"

இரண்டாவது மாடி நசீமா மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். "நாங்க அப்படித் துடைக்கலயே மேடம்" என்றாள். திருடி எவள் தான் திருடினேன் என்பாள்?

ஜூன் 13, வியாழன்

புதுத் துணிகள் வந்துவிட்டன. கமோடுக்குச் சிவப்பு, பேசினுக்கு மஞ்சள், அறைக்கு நீலம், டம்ளருக்கு வெள்ளை. வண்டியில் நாலு தனி வாளி. துவைப்பதும் தனித்தனி. கட்டிலை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினால் எத்தனை நடை மிச்சம் என்பதையும் நடந்தே காட்டினேன். முன்பு கட்டிலை ஆறு தடவை சுற்றினார்கள், இப்போது இரண்டு தடவை. எல்லாருக்கும் ஏழெட்டு நிமிடம் குறைந்துவிட்டது. இதில் எனக்குப் பெருமைதான், மறைக்க மாட்டேன்.

ஒச்சம்மாளுக்கு மட்டும் அதே ஐம்பது.

ஜூன் 15, சனி

முகூர்த்த நாள். நாற்பத்தாறு அறையும் நிறைந்துவிட்டது. கால் வலி. வயிறும் சரியில்லை.

ஜூன் 16, ஞாயிறு

சர்ச்சுக்கு, ஞாயிறு பூசைக்குப் போனேன். நடுவில் சாமியார் விரல்களை நீட்ட, பீடத்துப் பையன் தண்ணீர் ஊற்ற, அவர் கழுவித் துடைப்பதை இன்றுதான் கவனித்துப் பார்த்தேன். நாற்பத்தாறு வருடமாகப் பார்க்கிறேன், எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. அப்பத்தைத் தொடுவதற்கு முன்னால் கழுவுகிறார். கோயிலில் உட்கார்ந்துகொண்டு டம்ளரையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆண்டவர் மன்னிக்கட்டும்.

ஜூன் 17, திங்கள்

மறுபடியும் பொடி வைத்தேன். மறுபடியும் பச்சை. சிவப்புத் துணி சிவப்பு வாளியில்தான் இருக்கிறது, வெள்ளைத் துணி வெள்ளையாகத்தான் இருக்கிறது. டம்ளர் விளிம்பில் அதே வட்டம்.

நசீமாவின் அறைகளில்தான் அதிகம். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "நான் இல்லாதப்ப எந்தத் துணியத் தொடற?" என்று கேட்டேன். அவள் அழவில்லை, அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. "உங்களுக்கு எம்மேல சந்தேகம்னா எம்பக்கத்துலயே நில்லுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

ஜூன் 18, செவ்வாய்

இந்த ஒச்சம்மாள் புதிர் என்னைத் தின்கிறது. செல்போனில் கடிகாரத்தை ஓடவிட்டு, 304 வாசலில் ஜன்னலைப் பார்க்கிற மாதிரி நின்றேன். படுக்கை, குளியலறை, தூசி, தரை, டம்ளர். அவளுடைய கை பதறவே இல்லை, ஆனால் ஓர் இடத்துக்கு இரண்டாவது தடவை போகவும் இல்லை. வண்டியை வெளியே தள்ளும்போது பார்த்தேன். முப்பத்தொரு நிமிடம்.

முப்பத்தொன்று! நசீமாவே முப்பத்து மூன்று. அப்படியானால் பேரேட்டில் எழுதுகிற ஐம்பதில் மிச்சம் பத்தொன்பது நிமிடம் எங்கே போகிறது?

"ஏம்மா, முடிஞ்சிருச்சுல்ல, கையெழுத்துப் போடவேண்டியதுதான?" என்றேன்.

"இன்னம் முடியல மேடம். நீங்க பாத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

ஜூன் 19, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் கதவுகளுக்கு அட்டைச் சாவி. எந்த அட்டை எந்தக் கதவை எப்போது திறந்தது என்று ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் விழும். மூன்றாவது மாடிக்கு ஒரு வாரக் கணக்கை அச்சடித்து வாங்கினேன்.

304: பத்து ஐந்துக்கு ஒச்சம்மாள். பத்து முப்பத்தெட்டுக்கு நான். பத்து நாற்பத்தைந்துக்கு மறுபடியும் ஒச்சம்மாள். 307-ம் அப்படியே. எல்லா அறைகளும், எல்லா நாட்களும் அப்படியே. நான் பார்த்து முடித்துவிட்டுப் போனதும் திரும்ப உள்ளே போகிறாள். பத்து நிமிடம் இருக்கிறாள். அதற்குப் பிறகுதான் முடிந்தது என்று கையெழுத்துப் போடுகிறாள்.

தனுஷ்கோடி சார் காகிதத்தைப் பார்த்ததும் சொன்னார்: "ஏசியப் போட்டுட்டுப் படுக்குறா, வேறென்ன? நீங்க செக் பண்ணிட்டா அப்புறம் யாரும் வரமாட்டாங்கல்ல." எனக்கும் அப்படித்தான் பட்டது. சேக்கானூரணியிலிருந்து காலை ஐந்தே முக்கால் பஸ்ஸில் வருகிறவள். வீட்டில் புருஷன் மரத்திலிருந்து விழுந்து இரண்டு வருடமாகப் படுக்கையில். அசதி இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் விருந்தினர் கட்டிலா அதற்கு?

கடிதத்தை எழுதிவிட்டேன். 'நேரம் அதிகம் எடுப்பது, சோதனை முடிந்த அறைக்குள் அனுமதியின்றி நுழைவது.' ஒரே பக்கம். என் கையெழுத்து அழகாக விழுந்தது.

ஜூன் 20, வியாழன்

கடிதத்தை மேனேஜரிடம் கொடுத்தேன்.

மதியம் லினன் அறையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒச்சம்மாள் ஒரு பாட்டில் சீரகத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "ஒரு மாசமா நானும் பாக்குறேன் மேடம், ஒங்களுக்கு வயிறு சரியாகவே மாட்டேங்குது" என்றாள். போகும்போது கதவருகே நின்று, தயங்கித் தயங்கி, "சாப்புடறதுக்கு முன்னாடி ரெண்டு கையவும் சோப்புப் போட்டு நல்லாக் கழுவிருங்க" என்றாள்.

எனக்கா சொல்கிறாள்? இரண்டு கையுமாம். சீரகத் தண்ணீரைத் தொடவில்லை.

மாலையில் குடித்தேன். இதமாக இருந்தது. கடிதம் ஞாபகத்துக்கு வந்தது, மீதியைக் கொட்டிவிட்டேன்.

ஜூன் 21, வெள்ளி

நசீமா காலையிலேயே என் முன்னால் வந்து நின்றாள். "மேடம், பொடி வச்சிருக்கீங்கன்னு எல்லாருக்கும் தெரியும். இன்னைக்கி எங்கண்ணு முன்னாடி வைங்க. நான் வேலைய முடிச்ச ஒடனே, அந்த நிமிசமே டார்ச் அடிச்சுப் பாருங்க. நான் வாசப்படியிலயே நிக்கிறேன். பச்சை இருந்தா நானே எழுதிக் குடுத்துட்டுப் போயிடுறேன்."

வைராக்கியக்காரி. சரி என்றேன். 212. பொடி வைத்தேன், அவள் முடித்தாள், நான் விரல் சோதனைக்கு முன்னாலேயே திரையை இழுத்து டார்ச் அடித்தேன்.

கீலுக்குப் பின்னால் பச்சை. வேறு எங்கும் இல்லை. ரிமோட்டில் இல்லை. சுவிட்சில் இல்லை. டம்ளர் விளிம்பு சுத்தமாக இருந்தது.

நசீமா என்னைப் பார்த்தாள். "கீலைத் துடைக்காதது என் தப்புத்தான், இனிமே துடைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு 213-க்குப் போய்விட்டாள். நான் வழக்கம்போலச் சோதனையை முடித்தேன். இடது கை, வலது கை, டம்ளர், கீச். கிளம்பும்போது ஏதோ ஓர் அரிப்பு. திரும்பவும் திரையை இழுத்து டார்ச் அடித்தேன்.

டார்ச்சில்தான் ஏதோ கோளாறு. பேட்டரி மாற்ற வேண்டும்.

ஜூன் 22, சனி

பேட்டரி மாற்றினேன். 110-இல் பார்த்தேன், 405-இல் பார்த்தேன். நான் போவதற்கு முன்னால் ஒரு தடவை, போய்வந்த பிறகு ஒரு தடவை.

இன்று எழுத வேறு ஒன்றுமில்லை.

ஜூன் 23, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை.

ஜூன் 24, திங்கள்

எழுதித்தான் ஆக வேண்டும். டைரிக்குக்கூடப் பொய் சொன்னால் வேறு யாரிடம் உண்மை பேசுவேன்?

லினன் அறைக் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, என் மேலேயே டார்ச்சை அடித்தேன். இடது ஆள்காட்டி விரல் பச்சை, அது தெரிந்ததுதான். அட்டையின் ஓரம் பச்சை. இடது கைதானே அட்டையைப் பிடிக்கிறது. அட்டையோடு பேனாவையும் பிடிக்கிறது. பேனா பச்சை. பேனாவை வாங்குகிற வலது கையும் பச்சை. விரல் நுனி, நகக் கண், எல்லாம். நசுங்கிக் கிடந்த பேனா மூடியும் பச்சை. அதைத்தான் நான் கடிக்கிறேன்.

கழுவுகிற கை வேறு, சாப்பிடுகிற கை வேறு என்று பெருமையாக எழுதி வைத்திருக்கிறேன், இருபது பக்கத்துக்கு முன்னால். இரண்டு கைக்கும் நடுவில் ஒரு பேனா பாலம் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. ஹோட்டலிலேயே அழுக்கான இடத்தைத் தேடிப் போய், விரலில் எடுத்துக்கொண்டு வந்து, கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்த டம்ளரில் பூசிவிட்டு, கீச்சென்று கேட்டதும் சந்தோஷப்பட்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு முப்பத்தைந்து அறை. அந்தக் குழந்தைக்கு வாந்தி என்று எழுதியிருந்தார்களே.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். என் விரலே எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

ஜூன் 25, செவ்வாய்

ஒச்சம்மாளை 304-க்குள் கூப்பிட்டேன். சாவிக் கணக்குக் காகிதத்தைக் காட்டி, "நான் போனப்புறம் திரும்ப எதுக்கு உள்ள போற?" என்று கேட்டேன். குரலைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன், வரவில்லை.

காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தாள். பிறகு, "டம்ளரக் கழுவி வைக்கத்தான் மேடம். ரிமோட்டு, சுவிச்சு, போனு... நீங்க தொட்டதெல்லாம் ஒருக்காத் தொடச்சிட்டு வந்துருவேன்" என்றாள்.

"எப்பருந்து?"

"நான் சேந்த மொத வாரத்துலருந்து. நீங்க கக்கூஸுல கைய வச்சிட்டு, பேனாவ மாத்தி, டம்ளர எடுத்தீங்க. எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. கீச்சுனு சத்தம் கேட்டா, சரி, நம்ம போகணும்னு கெளம்பிருவேன்."

மற்றவர்களுக்கு நிம்மதி தந்த சத்தம் அவளுக்கு வேலை மணியாக இருந்திருக்கிறது. "ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்றேன்.

"சொன்னா நீங்க என்ன செஞ்சிருப்பீங்க மேடம்?"

நான் என்ன செய்திருப்பேன் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் படுக்கை விரிப்பின் ஓரத்தை, சுருக்கமே இல்லாத ஓரத்தை, நீவிக்கொண்டே கேட்டாள்: "ஒண்ணாந்தேதிலருந்து என்னைய வர வேணாம்னு கீழ பேசிக்கிறாய்ங்க. நெசமா? யாரு எழுதிக் குடுத்தது?"

"நான்தான்" என்றேன்.

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். நான் இன்னும் அதைத் தொடக்கூட இல்லை. பழக்கதோஷம், கழுவினாள்.

ஜூன் 26, புதன்

கடிதத்தைத் திரும்பக் கேட்டேன். முதலாளியம்மாவிடம் போய்விட்டதாம். தனுஷ்கோடி சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மனுஷன் கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் பேசினார். "குளோரிம்மா, கெட்டிக்காரியா இருங்க. நாளையிலருந்து கையக் கழுவிட்டுப் போங்க. ரிசல்ட் தானா நல்லா வரும். கலர்த் துணி வந்ததால சரியாச்சுன்னு எழுதிருவோம். திண்டுக்கல் ஒங்களுக்கு. அந்தப் பொண்ணுக்கு வேற எங்கயாச்சும் வேலை கெடைக்காமலா போயிடும்?"

அவர் கெட்டவர் இல்லை. எனக்கு நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார். நானும் உடனே மாட்டேன் என்று சொல்லவில்லை, அதையும் எழுதிவிட வேண்டும். மாலை வரைக்கும் அதையேதான் யோசித்தேன். யாருக்கும் தெரியாது. நசீமாவுக்குப் பாதிதான் தெரியும். ஒச்சம்மாள் வாயைத் திறக்க மாட்டாள். திண்டுக்கல்லில் எனக்கென்று தனி அறை, வாசலில் பெயர்ப் பலகை.

ஆனால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவும்போதெல்லாம் சீரகத் தண்ணீர் வாசம் வருகிறது. இரண்டு கையையும் கழுவுங்கள் என்று அவள் சொன்னது என் வயிற்றுக்காக. நான் அவளுடைய வயிற்றில் அடிக்கக் கடிதம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 28, வெள்ளி

முதலாளியம்மா அறை. மேசையில் என் கடிதம், சிவப்பு மையால் 'சரி' என்று எழுதிக் கையெழுத்து வேறு. கண்டுபிடித்தாயா என்று கேட்டார். கண்டுபிடித்தேன் என்றேன். ஒரு டம்ளர் கேட்டு வாங்கினேன். பொடியை அவர் கழிவறைக் கமோடுக் கீலில் தடவிவிட்டு வந்து, "ஒரு அறைய எப்படிச் சோதிப்பேனோ அப்படியே செய்றேன், பாருங்கம்மா" என்றேன்.

இடது விரலால் கீலைத் தொட்டேன். அட்டையை மாற்றினேன். பேனாவை எடுத்து எழுதினேன். டம்ளரைத் தூக்கி விரலை ஓட்டினேன். கீச்சென்று கேட்டது. முதலாளியம்மா முகத்தில் ஒரு பாராட்டுகூட வந்தது. தனுஷ்கோடி சார் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

திரையை இழுத்துவிட்டு டார்ச்சை அடித்தேன்.

முதலாளியம்மா டம்ளரைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார். அந்த டம்ளரில்தான் அவருக்குத் தினமும் மோர் வரும். நான் சாவிக் கணக்கையும் பக்கத்தில் வைத்துச் சொன்னேன்: "மூணாவது மாடி மட்டும் ஏன் சுத்தமா இருந்துச்சுன்னா, ஒச்சம்மா எனக்குப் பின்னால போய் நான் பண்ணுன அழுக்கத் தொடச்சிருக்கா. அதுக்குத்தான் அந்தப் பத்தொம்போது நிமிசம். ரூமுக்கு அவளுக்கு முப்பத்தொண்ணுதான். அந்தக் கடிதத்துல பேரு தப்பா எழுதிட்டேன்மா. எம்பேரத்தான் எழுதியிருக்கணும்."

அழக் கூடாது என்று நினைத்திருந்தேன், அழுதுவிட்டேன். விரலெல்லாம் பச்சையாக இருந்ததால் கண்ணையும் துடைக்க முடியவில்லை.

"ரூம் க்ளீன் பண்ணி எத்தன வருசமாச்சு குளோரி?"

"பதினாலு வருசம்மா."

"திங்கக்கெழம வா, சொல்றேன்" என்றார். வெளியே வரும்போது, "அந்த டம்ளரத் தூக்கிப் போட்டுட்டுப் போ" என்றார்.

ஜூலை 1, திங்கள்

ஒச்சம்மாள் வேலைக்கு வந்தாள். இருக்கிறாள், இருப்பாள்.

திண்டுக்கல் எனக்கு இல்லை. வேலையை எடுக்கவில்லை. ஒரு மாதத்துக்கு நானும் வண்டி தள்ளி, நாளுக்கு ஆறு அறை சுத்தம் செய்ய வேண்டும். விரல் சோதனை இனி யாருக்கும் கிடையாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணாலும் டார்ச்சாலும் மட்டும்தான் பார்க்க வேண்டும். என் அறைகளைப் பார்க்கப் போகிறவள் ஒச்சம்மாள் என்று முதலாளியம்மா சொன்னபோது அவர் கண்ணில் ஒரு சிரிப்பு இருந்தது. எனக்குக் கோபம் வந்தது, கொஞ்ச நேரம்தான்.

ஜூலை 9, செவ்வாய்

பரிசோதனைக் கூடத்து முடிவு: எட்டுக்கு எட்டு அறையும் சுத்தம். என் வயிறும் பத்து நாளாகப் பேசாமல் இருக்கிறது. கேன்டீன் மாஸ்டரைப் பார்த்தேன். உங்க சாம்பார் நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன். எதற்கு என்று புரியாமல் விழித்தார்.

இன்று 306 என் அறை. படுக்கை, குளியலறை, கீலுக்குப் பின்னால் பழைய பல்துலக்கி வைத்துத் தேய்த்தேன், கையைக் கழுவினேன், டம்ளரைக் கழுவி வெள்ளைத் துணியால் துடைத்துக் கவிழ்த்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று. வராந்தாவுக்கு வந்து சுவரோரம் நின்றேன்.

ஒச்சம்மாள் உள்ளே போனாள். கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு சத்தமும் வரவில்லை. பதினாலு வருடம் இந்தப் பெண்களை இப்படித்தான் நிற்க வைத்திருக்கிறேன்.

வெளியே வந்து பேரேட்டைப் பார்த்தாள். "சுத்தமா இருக்கு மேடம். நான் எதையும் தொடல" என்றாள். பிறகு நேரக் கட்டத்தைப் பார்த்து உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

ஐம்பத்தாறு நிமிடம்.